பயிற்றுவிப்பாளர் என்றொரு தொழில்

உயர்தரம் எழுதப் போகும் மாணவியிடம் “அடுத்து என்ன?” என்று கேட்டால் வைத்தியர், ஆசிரியை, சட்டத்தரணி, கணக்காளர் என்று பதில்கள் வரும். விளையாட்டுப் பயிற்றுவிப்பாளர் ஆகப் போகிறேன் என்று சொன்ன ஒருத்தியை நான் இதுவரை சந்தித்ததில்லை. அப்படிச் சொல்லக் கூடாதென்று எவரும் தடுக்கவில்லை. அது ஒரு தொழில் என்ற எண்ணமே எமக்கு வருவதில்லை. வரவேண்டும் என்பதே என் கருத்து.

அமெரிக்காவில் கரோல் ஹட்சின்ஸ் என்ற பெண் 1985 முதல் 2022 வரை மிச்சிகன் பல்கலைக்கழகப் பெண்கள் சொஃப்ட்போல் அணியின் தலைமைப் பயிற்றுவிப்பாளராக இருந்தார். சொஃப்ட்போல் என்றதும் எமது ஊர் மென்பந்து கிரிக்கெட்டை நினைக்க வேண்டாம். அது எல்லேக்கு நெருங்கிய சொந்தம். பந்தை அடித்துவிட்டு ஒவ்வொரு தரிப்பாகத் தொட்டு ஓடி வரவேண்டும். அவரது பயிற்றுவிப்பு வாழ்வு முழுவதிலும் அவரது அணிகள் 1,707 போட்டிகளில் வென்றன. 2005 இல் தேசிய சம்பியன் பட்டமும் கிடைத்தது. நீண்ட பனிக்காலம் உள்ள மாநிலத்திலிருந்து பெற்ற வெற்றி அது.

அதற்கு முன் அவர் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மாணவியாகக் கூடைப்பந்தாட்டமும் ஆடினார். ஆண்கள் அணிக்குக் கிடைத்த உணவுப்பணமும் தங்குமிட வசதியும் பெண்கள் அணிக்குக் கிடைக்கவில்லை என்று 1979 இல் சக வீராங்கனைகளுடன் நீதிமன்றம் சென்றார். கல்வி நிறுவனங்களில் பால் வேறுபாடு காட்டுவதைத் தடுக்கும் 1972 ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்குத் துணையாக இருந்தது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அச்சட்டம் வருமுன் அந்நாட்டுக் கல்லூரிப் பெண்கள் அணிகள் பத்தில் ஒன்பதுக்கு மேல் பெண்களாலேயே பயிற்றுவிக்கப்பட்டன. இன்று அது பாதிக்கும் குறைவு. பெண்கள் விளையாட்டுக்குப் பணமும் மதிப்பும் வந்ததும் அப்பதவிகளை ஆண்களும் நாடி வந்தார்கள். ஆகவே பிள்ளைகளுக்கு மைதானத்தைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது. அவர்களைப் பழக்கப் போகும் பெண்களையும் உருவாக்க வேண்டும்.

எமது நாட்டிலும் எடுத்துக்காட்டு உண்டு. 2018 இல் சிங்கப்பூரில் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியைப் பயிற்றுவித்தவர் திலகா ஜினதாச என்ற பெண்மணி. அவ்வணியில் கோல்களைக் குவித்தவர் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம். தர்ஜினியை நாம் எல்லோரும் அறிவோம். பயிற்றுவிப்பாளரின் பெயரை எத்தனை பேர் அறிவோம்?

உப்புவெளிக் கடற்கரையில் மாலையானால் பந்து விளையாடுவோர் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளே. பெண்பிள்ளைகள் பலர் சாதாரண தரத்தோடு விளையாட்டை நிறுத்திவிடுகிறார்கள். ஆற்றல் இல்லாததால் அல்ல. “யார் பழக்குவது? மஃரிபுக்கு முன் வீட்டுக்கு வந்துவிடுவாயா?” என்று உம்மாவும் வாப்பாவும் கேட்கும்போது சொல்ல எம்மிடம் பதில் இல்லை. அக்கேள்விகளில் நியாயம் இருக்கிறது. பிள்ளை மீதுள்ள அக்கறை அது. ஒரு பெண் பயிற்றுவிப்பாளர் இருந்தால் அக்கேள்விகளில் பாதிக்குப் பதில் கிடைத்துவிடும். மீதியைப் பாடசாலை மதிலுக்குள் இருக்கும் ஒரு வலைப்பந்தாட்டத் திடல் பார்த்துக்கொள்ளும். அதற்கு வேண்டிய இடம் 30.5 மீற்றர் நீளமும் 15.25 மீற்றர் அகலமும்தான்.

மார்க்கத்தைக் காரணம் காட்டுவோரும் உளர். நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். முதலில் அன்னையார் வென்றார்கள். பின்னொரு முறை நபியவர்கள் வென்றார்கள். உடையும் ஒழுங்கும் பேணி விளையாடுவதற்கு இதைவிட அழகிய முன்மாதிரி ஏது?

“இதில் சம்பளம் உண்டா?” என்பது அடுத்த கேள்வி. உண்மைதான், இன்று நிரந்தரப் பதவிகள் குறைவு. ஆனால் சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்விக்கும் விளையாட்டு விஞ்ஞானத்துக்கும் பட்டப்படிப்பே இருக்கிறது. அப்படிப் படித்து எமது பிள்ளைகள் நாலு பேர் வந்தால், பதவி கேட்கும் குரலும் வலுக்கும்.

அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. பழைய மாணவிகள் சங்கமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் சேர்ந்து, முன்பு விளையாடிய ஒரு ராத்தாவைத் தெரிவு செய்து, பயிற்சிநெறிக்கு அனுப்பி, மாதக் கொடுப்பனவு வழங்கலாம். கிண்ணம் வாங்கும் செலவில் ஒரு பங்கு, கிண்ணம் வெல்லப் பழக்குபவருக்குப் போகட்டும். இன்ஷா அல்லாஹ், எமக்குப் பின் வரும் தங்கைகளில் ஒருத்தி “அடுத்து என்ன?” என்ற கேள்விக்கு, தயங்காமல் “பயிற்றுவிப்பாளர்” என்று சொல்லட்டும்.