நெய்வேலிக்கும் காக்கா ஆழிக்கும் என்ன உறவு?

எண்ணூர்க் கழிமுகத்தை மூடிக் கிடக்கும் காக்கா ஆழியைப் பற்றிப் பேச்செடுத்தால் நெய்வேலி டவுன்ஷிப்பில் சிலருக்குச் சிரிப்பு. "அதுவும் சிப்பிதானே, தண்ணீரை வடிகட்டத்தானே செய்கிறது?" வடிகட்டுகிறது, மறுக்கவில்லை. அப்படி எடுத்துக்கொள்வது மட்டி தின்ன வேண்டிய உணவை. தென் அமெரிக்கப் பக்கத்துச் சிப்பி இது. இழைகளால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு சேற்றின்மேல் பாய்போலப் படர்கிறது. அடியில் மட்டி திணறுகிறது, இறாலுக்குப் புதைய மண் இல்லை. கையால் தடவி இறால் பிடிப்பவர்களிடம் போய் இந்த 'வடிகட்டி'யைப் புகழ்ந்து பாருங்கள்.

"கப்பலடியில் கொட்டலசுகூடத்தான் ஊர் ஊராகப் போனது" என்பது அடுத்த வாதம். கொட்டலசுக்குப் பாறை, தூண் என்று கெட்டியான இடம் வேண்டும். காக்கா ஆழி சேற்றையும் விடுவதில்லை.

வந்தபின் விரட்டலாம் என்பவர்கள் ஆஸ்திரேலியாவின் டார்வினைக் காட்டுகிறார்கள். 1999இல் அங்கே வேறொரு அந்நியச் சிப்பியைத் தாமிர சல்பேட்டும் குளோரினும் கொட்டி ஒழித்தார்கள். அந்தப் படகுத்துறைகளுக்கு மதகுக் கதவுகள் இருந்தன. எண்ணூருக்கு ஏது கதவு?

"கடலே இல்லாத நெய்வேலிக்கு ஏன் இந்தக் கவலை?" தூத்துக்குடியில் நம் நெய்வேலி என்.எல்.சி.யின் துணை நிறுவனம் நடத்தும் 1000 மெகாவாட் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி கப்பலில்தான் வருகிறது. சரக்கை இறக்கிய கப்பல் சமநிலைக்காக நம் கடல்நீரை நிரப்பிக்கொண்டு கிளம்புகிறது. இப்படிப்பட்ட சிப்பிகள் ஊர் மாறுவது அந்த நீரிலும் கப்பலடியிலும் ஏறித்தான். அந்த நீருக்காவது 2017 முதல் சர்வதேச ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது. கப்பலடியில் ஒட்டி வருவதற்கு வெறும் வழிகாட்டுதல்கள்தான்.