தேர்வுத்தாளில் தமிழ் எங்கே?



முத்துக்குளித்துறையில் முத்தெடுப்பு 1961-ஆம் ஆண்டோடு ஓய்ந்தது. மூச்சடக்கிக் கடலடி துழாவியவர்தம் பெயரரும், உப்பளத்து வெயிலில் வெந்தவர்தம் பிள்ளைகளும் இன்று கணினித் தொழிலை நாடுகின்றனர். 2024 திசம்பரில் தூத்துக்குடியிலேயே சிறு டைடல் பூங்கா திறக்கப்பெற்றது. கதவு திறந்தாயிற்று, உள்ளே நுழையக் கேட்கப்பெறுவதோ சான்றிதழ்.

அச்சான்றிதழுக்குரிய பயிற்சியை இன்று வீட்டிலிருந்தே இணையவழிப் பெறலாம். நல்லது, வரவேற்போம். ஆயின், தேர்வுத்தாள் எம்மொழியில் உள்ளது? வலைப்பின்னல் பணிக்குரிய சிசுகோ நிறுவனத்தின் சி.சி.என்.ஏ. தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், சப்பானியத்தில் எழுதலாம், தமிழில் எழுதவியலாது. அமேசான் நிறுவனத்தின் முகிற்கணிமை அடிப்படைத் தேர்வு கொரியத்தில் உண்டு, இந்தோனேசியத்தில் உண்டு, தமிழில் இல்லை. ஆங்கிலம் தாய்மொழியல்லாதார் வேண்டிக்கொண்டால் அரைமணி நேரம் கூட்டித் தருவார்களாம்! நாம் கேட்பது அரைமணி நேரமா, மொழியுரிமையா?

“கணினிக்கு மொழி ஆங்கிலந்தானே” என உதடு பிதுக்குவார் உளர். கணினி அறிந்தவை 0, 1 எனும் இரண்டே! கட்டளைச் சொற்களை ஆங்கிலத்தில் இடுவது வேறு. வினாவின் பொருளையே ஆங்கிலத்தில் தடவித் தேடுவது வேறு. சப்பானிய இளைஞனும் கட்டளையை ஆங்கில எழுத்திலேயே இடுகிறான். வினாவையோ தன் மொழியில் படிக்கிறான். நம் பிள்ளைகளோ, வினா விளங்காமையால் தெரிந்த விடையையும் இழக்கின்றனர். அஃது அறிவுத் தேர்வன்று, ஆங்கிலத் தேர்வே. பணிக்கு ஆங்கிலம் வேண்டுமாயின், அதனைத் தனியே கற்பிக்கட்டும். தனியே தேர்ந்து பார்க்கட்டும்.

1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழெழுத்தில் அச்சேறியது. இந்திய மொழிகளுள் தன் எழுத்தாலேயே இம்மண்ணில் முதலில் அச்சேறிய மொழி தமிழே. அவ்வச்சுப் பணிக்குப் பொருள் ஈந்தோர் இம்முத்துக்கரைப் பரதவர். அன்று புதிதாய் வந்த அச்சுப்பொறியைத் தமிழ் பேச வைத்த கரை, இன்று இணையத் தேர்வின் முன் வாய்பொத்தி நிற்பதா?

தமிழ்நாட்டரசு 2022-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம், பெருநிறுவனங்களின் பயிற்சிகளை நம் மாணவரிடம் கொண்டுசேர்க்கிறது. அத்துணை மாணவரைத் திரட்டித் தரும் அரசு, “தமிழிலும் வினாத்தாள் தருக” என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதட்டும். கலைச்சொல் இல்லையென்னும் சாக்கும் செல்லாது. தமிழ் இணையக் கல்விக்கழகம் கலைச்சொற்களைத் தொகுத்தே வைத்துள்ளது.

விலை கொடுப்போர் நாம். உழைப்புக் கொடுப்போரும் நாம். தேர்வின் மொழி மட்டும் பிறர் மொழியா? கேளுங்கள் தமிழர்களே, கேளுங்கள்!