கயிறும் சங்கிலியும் மருத்துவம் ஆகாது

ராமநாதபுரத்தில் அண்மையில் ஒரு கலந்துரையாடல். இந்தக் கடற்கரைப் பெண்களுக்கென்று ஒரு போதை மீட்பு மையம் வேண்டும் என்று சில பெண்கள் எழுந்து கேட்டார்கள். தங்கிச் சிகிச்சை பெறப் பத்துப் பதினைந்து படுக்கைகள், காலையில் வந்து மாலையில் வீடு திரும்ப ஒரு பகல்நேரப் பிரிவு. அவர்கள் கேட்டது அவ்வளவுதான். அதற்கு ஊர்ப் பெரியவர் ஒருவர் மைக்கைப் பிடித்துச் சொன்ன பதில் இது:

"நம்ம கரையில பொம்பளைங்க குடிக்கிறதில்ல. அப்படி ஒண்ணு ரெண்டு இருந்தா, சாமிகிட்ட கயிறு கட்டி வீட்டுக்குள்ளயே வச்சுத் திருத்திக்கலாம். வீட்டுப் பொம்பளைய வெளியில தங்க வச்சா குடும்பம் சிதைஞ்சிரும். ஏர்வாடியில என்ன நடந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். கடைய மூடச் சொல்லுங்க, அது போதும்."

கைதட்டல் எழுந்தது. கேட்ட பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். அந்தக் கைதட்டலுக்குத்தான் இந்த எதிர்வினை. அவர் சொன்னவை வெறும் கருத்துகளாக இருந்தால் விட்டுவிடலாம். உயிரைப் பறிக்கக்கூடிய யோசனைகள் அவை. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

பெண்கள் குடிப்பதில்லை என்கிறார். 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து இறந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். எக்கியார்குப்பம் நம்மூரைப் போலவே ஒரு மீனவக் குப்பம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது அதிலும் பெண்கள் இருந்தார்கள். பிணக்கிடங்கில் பெண்களின் உடல்கள் கிடந்த பிறகும் பெண்கள் குடிப்பதில்லை என்று ஒருவர் சொல்வாரானால், அவர் பார்க்க மறுக்கிறார் என்றுதான் பொருள்.

கணக்கும் சொல்கிறேன். மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியப் பெண்களில் 1.6 சதவீதம் பேர் மது அருந்துவதாகச் சொன்னது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு தமிழகப் பெண்களுக்குத் தந்த எண் இன்னும் சிறியது: 0.3 சதவீதம். அந்தச் சிறிய எண்ணையே வைத்துக்கொள்வோம். 2011 கணக்கெடுப்புப்படி ராமநாதபுரம் மாவட்டத்தில் பெண்கள் ஆறரை லட்சத்துக்கும் மேல். சிறுமிகளைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஆயிரத்தைத் தாண்டுகிறது. அவர்கள் எல்லோரும் அடிமையானவர்கள் அல்லர். ஆனால் "ஒண்ணு ரெண்டு" என்பது பொய். அதுவும், கேள்வித்தாளோடு வீட்டுக்கு வந்த அந்நியருக்குச் சொன்ன பதில்களிலிருந்து கிடைத்த எண் இது. உண்மை இதைவிடப் பெரியது என்று ஊகிக்க நிபுணர் தேவையில்லை.

போதை என்றால் பாட்டில் மட்டுமா? அதே குடும்பநல ஆய்வில் நாடு முழுவதும் 8.9 சதவீதப் பெண்கள் புகையிலை பயன்படுத்துகிறார்கள். வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொண்டு பசியை மறந்து வேலை பார்க்கும் பெண்களை நம் கரையில் தேடிப் போக வேண்டியதில்லை. முதுகுவலிக்கென்று தொடங்கிய மாத்திரை, தூக்கத்துக்கென்று தொடங்கிய மாத்திரை, சீட்டு இல்லாமலே கடையில் கிடைக்கும் மாத்திரை, இவையும் அடிமைப்படுத்துகின்றன. வாசனை வராததால் அவை வீட்டுக்குள்ளேயே மறைந்திருக்கின்றன.

அடுத்தது அந்தக் கயிறு. இங்கே ஓர் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கச்சிமடம் பக்கம் கருவாடு காயவைக்கும் வேலை. புருஷன் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருந்த மாதங்களில் குடி தொடங்கியது. "தூங்கணும்னுதான் தங்கச்சி குடிச்சேன். அப்புறம் எந்திரிக்கணும்னாலும் அது வேணும்னு ஆயிருச்சு" என்று பின்னாளில் என்னிடம் சொன்னார். அடிமைத்தனத்துக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்த மருத்துவ நூலிலும் படித்ததில்லை.

உறவினர்கள் ஒரு வெள்ளிக்கிழமை அவருக்குக் கயிறு கட்டினார்கள். அன்றோடு குடி நின்றது. மறுநாள் காலை டீ கிளாஸைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. பாதி டீ சேலையில் கொட்டியது. அன்றிரவு வலிப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை, சுவரைக் காட்டி "போட்டு முங்குது, இழுங்க, இழுங்க" என்று அலறினார். பேய் என்றார்கள். ஜன்னல் கம்பியோடு சேர்த்துப் பழைய சேலையால் கையைக் கட்டினார்கள். பக்கத்து வீட்டுப் பெண் 108-ஐ அழைத்ததால் உயிர் பிழைத்தார்.

இதில் பேய் எதுவும் இல்லை. நெடுநாள் குடித்த உடலிலிருந்து மதுவைத் திடீரென்று பறித்தால் சில மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் சித்தம் கலங்கி இல்லாதவை தெரியலாம். கவனிக்காவிட்டால் மரணம்கூட நேரும். மருத்துவமனையில் இதற்கு மருந்து இருக்கிறது. நரம்பு அமைதிக்கான மாத்திரையைக் கொடுத்து ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைப்பார்கள். மூளையைக் காக்கத் தயாமின் என்ற வைட்டமின் பி1 ஊசி போடுவார்கள். பெண்ணுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். பெண் உடலில் நீரின் பங்கு குறைவு; அதே அளவு குடித்தாலும் ரத்தத்தில் அதிகமாக ஏறும்; ஆணைவிடக் குறைந்த ஆண்டுகளிலேயே கல்லீரல் கெடும். "வீட்டுக்குள்ளயே வச்சுத் திருத்திக்கலாம்" என்பது, அந்த மூன்று நாளை மருந்து இல்லாமல் கடக்கச் சொல்வது. யார் உயிரை வைத்து இந்தத் துணிச்சல்?

சாமியை நான் குறை சொல்லவில்லை. ராமநாதசுவாமியையும் ஏர்வாடி தர்காவையும் ஓரியூர் அருளானந்தரையும் நம்பும் மண் இது. நானும் அந்த மண்தான். நம்பிக்கை மனதைத் தாங்கும். வலிப்பைத் தடுக்காது.

பெரியவர் ஏர்வாடியை இழுத்ததுதான் என்னை மிகவும் சுட்டது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. தங்கிச் சிகிச்சை என்றாலே இதுதான் கதி என்று அந்த 28 பேரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார் பெரியவர்.

அவர்கள் சாட்சி சொன்னால் வேறொன்றைச் சொல்வார்கள். அது மருத்துவமனை இல்லை. அங்கே நடந்தது சிகிச்சையும் இல்லை. ஊரில் மருத்துவர் இல்லை, வீட்டில் வைத்துப் பார்க்க வழி இல்லை, வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்ற நிலையில் குடும்பங்கள் தங்கள் மனிதர்களை அங்கே கொண்டுபோய் விட்டன. சிகிச்சை இல்லாத இடத்தில்தான் சங்கிலி நுழைகிறது. அந்த அக்காவை ஜன்னல் கம்பியில் கட்டிய சேலையும் அந்தச் சங்கிலியின் உறவுதான். ஏர்வாடியைக் காட்டி மையம் வேண்டாம் என்பவர், ஏர்வாடியை உண்டாக்கிய அதே வெற்றிடத்தைக் காப்பாற்றுகிறார். தீக்குப் பிறகான ஆண்டுகளில் அந்த தர்காவிலேயே 'துவா'வோடு 'தவா'வும், பிரார்த்தனையோடு மருந்தும் சேர்ந்து தரும் திட்டத்தை அரசு கொண்டுவந்தது. தர்காவே மருத்துவருக்கு இடம் கொடுத்துவிட்டது. பெரியவர் இன்னும் கொடுக்கவில்லை.

சட்டமும் மாறியிருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் குடி, போதைப்பொருள் தொடர்பான நோய்நிலைகளையும் தன் வரம்புக்குள் எடுத்துக்கொண்டிருக்கிறது. எந்த வகையிலும் யாரையும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. நோயாளியின் விவரம் வெளியே போகக் கூடாது என்கிறது. ஒரு பெண் தானாகவே வந்து சேரலாம், வீடு திரும்ப வேண்டும் என்று தானாகவே கேட்கலாம். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது.

அந்தக் கடைசி விதியே "குடும்பம் சிதைஞ்சிரும்" என்பதற்குப் பாதிப் பதில். மீதிப் பதிலை ஒரு கேள்வியாகத் தருகிறேன். ஆண் குடித்தால் மனைவி அவனை மையத்துக்கு அழைத்துப் போகிறாள், கூடவே இருந்து கஞ்சி ஊட்டுகிறாள், ஊர் அதைக் குடும்பப் பாசம் என்கிறது. மனைவி சிகிச்சைக்குப் போனால் மட்டும் குடும்பம் சிதையுமா? இந்தியாவில் மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சை கிடைக்கிறது என்று அதே எய்ம்ஸ் ஆய்வு சொல்கிறது. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவது 180 பேரில் ஒருவர். அந்த ஒருவர் பெண்ணாக இருப்பது எவ்வளவு அரிது என்பதை அந்த அக்கா அனுபவித்தார். வலிப்பு தணிந்த பிறகு மேற்கொண்டு சிகிச்சைக்காகப் பக்கத்து மாவட்டத்தில் ஒரு தனியார் மையத்துக்குப் போனோம். வாசலிலேயே நிறுத்தி, "பொம்பளைய நாங்க சேர்க்கிறதில்லம்மா" என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து சென்னையில் ஒரு மாதம் தங்கினார். சின்ன மகள் அம்மாச்சி வீட்டில் அழுதுகொண்டிருந்தாள். தாயையும் மகளையும் பிரித்தது சிகிச்சையா, சிகிச்சை இங்கே இல்லாததா?

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 1979-ல் கணவர் டி.டி. ரங்கநாதனைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், மறு ஆண்டே அவர் பெயரில் அறக்கட்டளை தொடங்கிச் சென்னையில் போதை மீட்பு மருத்துவமனையை உருவாக்கினார். அந்த மருத்துவமனை 1989 முதல் திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் முகாம் போட்டு, கிராமத்துக்கே போய்ச் சிகிச்சை தந்தது. மஞ்சக்குடிக்குப் போன மருத்துவம் மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் வராதா? 1978-ல் அமெரிக்காவின் முன்னாள் அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டு, மதுவுக்கும் வலி மாத்திரைக்கும் அடிமையானதை வெளிப்படையாகச் சொல்லிச் சிகிச்சையில் சேர்ந்தார். 1982-ல் தன் பெயரிலேயே ஒரு சிகிச்சை மையம் கண்டார். மானம் போகவில்லை. எண்ணற்ற பெண்களுக்கு வாசல் திறந்தது.

பகல்நேரப் பிரிவுக்கு நம் கரையைப் போலப் பொருத்தமான இடம் குறைவு. ராமேஸ்வரம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். பாசி எடுக்கும் பெண்கள் அமாவாசை, பௌர்ணமி நீரோட்டம் பார்த்து மாதத்தில் சில நாட்களே தண்ணீரில் இறங்குகிறார்கள். மற்ற நாட்களில் காலையில் வந்து, மருந்து வாங்கி, ஆலோசகரிடம் பேசி, பிள்ளை பள்ளி விட்டு வரும் முன் வீடு திரும்ப ஒரு பெண்ணால் முடியும். வலிப்பு வந்தவர், கர்ப்பிணி, வீட்டில் அடி வாங்குபவர், இவர்களுக்குத்தான் தங்கிச் சிகிச்சை கட்டாயம் தேவை.

உள்ளே போனால் என்ன நடக்கும் என்ற பயமும் பெண்களைத் தடுக்கிறது. நடப்பது இதுதான். ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை செய்வார்கள், கர்ப்பமா என்று கேட்பார்கள். எப்போது, எதனால் தொடங்கியது என்று பேச விடுவார்கள். நல்ல மையமென்றால் வீட்டில் அடிக்கிறார்களா என்று தனியாக வைத்துக் கேட்பார்கள். உடல் தெளிந்த பிறகு வாரக்கணக்கில் ஆலோசனை. பிறகு குடும்பத்தை உட்காரவைத்துப் பேச்சு. பிறகு மாதாமாதம் வந்துபோவது. இதில் மிரள ஒன்றுமில்லை.

பெரியவர் சொன்னபடி மதுக்கடையை மூடுவதில் எனக்கு மறுப்பே கிடையாது. 2016-லும் 2017-லும் 2023-லும் ஐந்நூறு ஐந்நூறாக மூடினார்கள், இன்னும் மூடட்டும். ஆனால் ஏற்கெனவே அடிமையான உடலுக்குக் கடையின் பூட்டு மருந்து ஆகாது. அது வேறு கடையைத் தேடும். கடை இல்லையென்றால் எக்கியார்குப்பத்துச் சாராயத்தைத் தேடும். கடை மூடும் போராட்டத்தில் முன்வரிசையில் நின்றவர்கள் பெண்கள். அவர்களுக்கே சிகிச்சை தேவைப்படும்போது கதவை மூடுவது நன்றிகெட்ட செயல்.

2025-ல் தமிழக அரசு 25 இடங்களில் போதை மீட்பு மையங்களைத் திறந்து 'கலங்கரை' என்று பெயர் வைத்தது. அந்தப் பெயருக்கு முதல் உரிமை கடற்கரைக்கு. எனவே கேட்கிறோம்: ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் போதை மீட்புக்குப் பெண்களுக்கெனத் தனி வார்டு, தாயோடு குழந்தையும் தங்க இடம், பெண் ஆலோசகர்கள், ராமேஸ்வரம் தீவில் ஒரு பகல்நேரப் பிரிவு. இதை மறுக்கப் பெரியவரிடம் ஒரு நியாயமும் இல்லை.

அந்த அக்கா இன்று மறுபடியும் கருவாடு புரட்டுகிறார். கை நடுங்கவில்லை. அவரைப் போல வீட்டுக்குள் ஒளிந்து தவிக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. நெடுநாள் பழக்கமென்றால் திடீரென்று தனியாக நிறுத்தாதீர்கள். கட்டிய கயிறு கையிலேயே இருக்கட்டும், மருத்துவரிடம் போங்கள்.