அம்மா உருட்டிக்கொண்டு போறா

ஒரு பொடியனுக்குப் பதினெட்டு வயது முடிந்தால் போதும், அவனுக்கு மோட்டார் சைக்கிள் பழக்க ஊரே வரிசையில் வந்து நிற்கும். பெரியம்மாவின் மகன், கராஜில் நிற்கும் தம்பி, ரியூசனுக்கு ஒன்றாகப் போகிற கூட்டாளி, மெல்பேணில் இருந்து வீடியோ கோலில் வருகிற மாமா, எல்லாரும் குருமார்தான். விழாமல், ஆரையும் விழுத்தாமல் இத்தனை வருசம் ஸ்கூட்டி ஓடுகிற தாய் மட்டும் அந்தக் கணக்கில் இல்லை. என்னைப் பற்றி மகனுடைய அபிப்பிராயம் ஒரு வரிதான்: "அம்மா உருட்டிக்கொண்டு போறா."

உருட்டுகிறேன்தான். உருத்திரபுரத்தில் இருந்துகொண்டு வேறு எப்படி ஓடுவது? கரடிப்போக்குச் சந்தியில் ஏ9 வீதியை விட்டு உள்ளே திரும்பினால் வாய்க்காலும் வயலும்தான். காப்பெற் போட்ட துண்டில் பறந்து வருகிறவன் கிறவல் ஒழுங்கைக்குள் இறங்கும்போதும் அதே வேகத்தில்தான் இறங்குகிறான். பொழுதுபட்டால் மாடுகள் தாரின் சூட்டுக்கு நடு றோட்டில் படுத்துவிடும். கறுத்த மாடு, கறுத்த றோட்டு. பின் லைற் இல்லாத லான்ட்மாஸ்ரர் பெட்டி நிறைய ஆட்களோடு முன்னால் போகும். அது போகிறது என்று சத்தத்தை வைத்துத்தான் தெரியும். ஹெல்மெற்றுக்குள் பாட்டுக் கேட்டுக்கொண்டு வருகிறவனுக்கு அதுவும் தெரியாது.

காலபோக அறுவடை வந்தால் இன்னொரு கூத்து. பாதி றோட்டில் நெல் காயும். காயப் போடுகிறவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. களம் இல்லை, ஈர நெல்லுக்கு வியாபாரி வைக்கிற விலையும் தெரியும். ஆனால் நெல் பறக்காமலும் வாகனம் ஏறாமலும் இருக்கச் சுற்றிவர வைத்த கல்லை, நெல்லை அள்ளிக்கொண்டு போகும்போது அங்கேயே விட்டுவிட்டுப் போகிறார்களே, அதை என்னவென்று சொல்வது? கல் இல்லாத இடத்தில் சிந்திய நெல் கிடக்கும். அதில் முன்சில்லு ஏறினால் போளைக்கு மேல் கால் வைத்தது போலத்தான். அந்த இடத்தில் பிறேக்கும் பிடிக்கக் கூடாது, ஹாண்டிலையும் வெட்டக் கூடாது. முன்னரே பார்த்து வேகத்தைக் குறைத்துக்கொண்டு நேராகக் கடக்க வேண்டும். இதை மகனுக்குச் சொன்னால், "அம்மா, இதெல்லாம் ட்ரையலில கேக்க மாட்டினம்" என்கிறான்.

கேட்க மாட்டார்கள்தான். அதுதான் என்னுடைய ஆதங்கமே. எழுத்துப் பரீட்சைக்கு வீதிக் குறியீடுகளை அவன் மனப்பாடம் செய்த வேகத்தைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. போக்குவரத்து மருத்துவ நிறுவனத்துச் சான்றிதழ் எடுத்தாயிற்று. எல் போட் கட்டியாயிற்று. லேர்னர்ஸில் கோனுக்கு நடுவே வளைக்கவும், கால் ஊன்றாமல் எட்டுப் போடவும் பழக்குகிறார்கள். நல்லாகத்தான் பழக்குகிறார்கள். ஆனால் வெளிச்ச நேரத்தில், காய்ந்த தரையில், எதிரே ஒருவரும் வராத மைதானத்தில் ஓடிக் காட்டி லைசன்ஸ் எடுத்தவன், மணல் ஏற்றிய டிப்பர் பின்னால் ஹோன் அடித்துக்கொண்டு வர, மழை இருட்டில் கிளிநொச்சியில் இருந்து வீட்டுக்கு வர வேண்டும். அதை எந்த மைதானத்தில் பழகுவது?

அதனால்தான் அவனுக்குப் பின்னால் நான் ஏறி இருக்கிறேன். அவனுக்கு அது பெரிய மானக்கேடு. கூட்டாளிமார் நிற்கிற சந்தி வந்தால் என்னை இறங்கி நடக்கச் சொல்லாத குறை. நான் சொல்வது சின்னச் சின்ன விசயங்கள். திரும்ப முன்னம் கண்ணாடியைப் பார், பிறகு தலையைத் திருப்பியும் பார். முன் பிறேக்கைப் பழகு. இந்த முன் பிறேக் விசயத்தில்தான் குருமார் எல்லாரும் எனக்கு எதிராக ஒன்று சேர்கிறார்கள். "முன் பிறேக்கைத் தொடாத தம்பி, தூக்கி எறிஞ்சுபோடும்" என்று பெரியம்மாவின் மகன் சொல்லி வைத்திருக்கிறான். பிறேக் பிடிக்கும்போது பாரம் எல்லாம் முன்சில்லுக்குத்தான் போகிறது. நிற்பாட்டுகிற பலத்தில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. ஒரேயடியாகப் பிடுங்கினால்தான், அல்லது மணலிலும் நெல்லிலும் வளைவிலும் பிடித்தால்தான் அது விழுத்தும். பின் பிறேக்கை மட்டும் நம்பி ஓடுகிறவன் மாட்டைக் கண்ட பிறகு மாட்டைத் தாண்டிப்போய்த்தான் நிற்பான்.

மகன் கணிதப் பிரிவு. ஒருநாள் கேட்டேன், மணிக்கு 60 கிலோமீற்றர் என்றால் ஒரு செக்கனுக்கு எத்தனை மீற்றர்? கடதாசி தேவைப்படவில்லை, உடனே சொன்னான்: "பதினாறு தசம் ஏழு." கண் கண்டு, மூளை விளங்கி, கை பிறேக்கில் படவே ஒரு செக்கன் போய்விடும் என்றால், பிறேக் பிடிக்கத் தொடங்க முன்னமே நீ எங்கே நிற்பாய் என்று கேட்டேன். சிரித்தான். அடுத்த நாள் பத்தாம் வாய்க்கால் பக்கம் அதே வேகம்.

ஹெல்மெற் கதையைத் தொடங்கினால் எனக்கு இரத்த அழுத்தம் ஏறும். ஓடுகிறவரும் பின்னால் இருப்பவரும் போட வேண்டும் என்பது சட்டம். எங்கள் பொடியளுக்கு அது முழங்கையில் மாட்டுகிற சாமான். பொலிஸ் நிற்கிறது என்று தெரிந்தால் தலைக்கு ஏறும், தாண்டினால் திரும்ப இறங்கும். பொலிஸ் நிற்பதைச் சொல்ல ஒரு சேவையே நடக்கிறது; எதிரே வருகிற முன்பின் தெரியாத மனுசன் லைற் அடித்துக் காட்டிவிட்டுப் போவார். என்ன ஒற்றுமை! ஆனால் வளைவுக்கு அங்காலே மாடு படுத்திருக்கிறது என்று ஒருவரும் லைற் அடித்ததை நான் கண்டதில்லை. 2019 இல் சட்டத்தைத் திருத்தி, லைசன்ஸ் இல்லாமல் ஓடினால் குறைந்தது 25,000 ரூபா தண்டம் என்று வைத்தார்கள். அதில் ஊர் படித்த பாடம், பொலிஸ் நிற்காத ஒழுங்கையால் பிள்ளையை அனுப்புவது. பதினைந்து வயதுப் பிள்ளையிடம் திறப்பைக் கொடுத்து "கடைக்குப் போயிற்று வா" என்கிற தகப்பன், "என்ர பொடியன் நல்லா ஓடுவான்" என்று என்னிடமே வந்து பெருமை பேசுகிறார். வருசத்துக்கு 2,000 பேருக்கு மேல் இந்த நாட்டு வீதிகளில் சாகிறார்கள், அதில் மோட்டார் சைக்கிளில் போனவர்கள்தான் அதிகம் என்றால், "அது விதி" என்கிறார்.

ரயில் கடவையும் அப்படித்தான். 1990 இல் நின்ற ரயில் 2013 செப்டெம்பரில்தான் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தது. இடையில் தண்டவாளமும் இல்லை, சிலிப்பர் கட்டையும் இல்லை; பாதை இருந்த மேட்டில் ஆடு மேய்ந்தது. என் வயதுக்காரருக்கே ரயிலுக்காக நின்று பார்த்துக் கடக்கிற பழக்கம் வரவில்லை, பிள்ளைகளுக்கு எங்கே இருந்து வரும்? கதவு இல்லாத கடவையில் சோளகம் அடிக்கிற நாளில் ரயில் கிட்ட வரும்வரை சத்தம் கேட்காது. நிற்பாட்டு, எஞ்சினை நிற்பாட்டாவிட்டாலும் காலை ஊன்று, இரண்டு பக்கமும் பார் என்று பின்னால் இருந்து கத்துகிறேன். பின்னுக்கு வருகிறவன் ஹோன் அடிக்கிறான், மகன் வெட்கத்தில் கியரைத் தட்டுகிறான்.

நான் பழகியது அப்பாவின் எம்.டி. 90 இல், பொருளாதாரத் தடைக் காலத்தில். மண்ணெண்ணெயில் ஓடுகிற சைக்கிள்; ஸ்ராட் பண்ண மட்டும் ஷாம்புப் போத்தலில் இருந்து ரெண்டு சொட்டுப் பெற்றோல். புகைதான் பறக்கும், சைக்கிள் பறக்காது. குண்டும் குழியுமான றோட்டில் வேகம் என்ற பேச்சே இல்லை. இப்போது றோட்டும் நல்லது, எஞ்சினும் பெரிது.

மெல்பேண் மாமாவுக்கு வருகிறேன். அவருடைய மகளுக்கும் இப்போதுதான் லைசன்ஸ் எடுக்கிற வயது. அங்கே, விக்ரோறியா மாநிலத்தில், 21 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை பக்கத்தில் லைசன்ஸ் உள்ள ஒருவரை வைத்துக்கொண்டு 120 மணித்தியாலம் ஓடிப் பழக வேண்டும், அதில் 20 மணித்தியாலம் இரவில். ஒவ்வொரு ஓட்டத்தையும் பதிய வேண்டும். மாமா வேலையால் வந்து, களைப்போடு களைப்பாக, மகளுக்குப் பக்கத்தில் இருந்து அந்தக் கணக்கை எல்லாம் நிரப்புகிறார். நல்ல தகப்பன், நான் குறை சொல்லவில்லை. அதே மனுசன் இங்கே என் மகனிடம், "ஏ.எல். முடியட்டும் மருமோன், 150 சிசி ஒண்டுக்குக் காசு போட்டுவிடுறன்" என்கிறார். இங்கே எத்தனை மணித்தியாலம் என்று அவரும் கேட்கவில்லை, இரவில் ஓடினானா என்றும் கேட்கவில்லை. மகளுக்கு ஒரு உயிர், மருமகனுக்கு ஒன்பது உயிரா?

போன ஞாயிறும் எடுத்தார். என்ன நிறம் வேணும் என்று மகனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். போனை வாங்கிச் சொல்லிவிட்டேன்: அண்ணா, பைக்குக்கு இப்ப அவசரமில்லை. அனுப்புறதெண்டால் எஸ்.எல்.எஸ். முத்திரை உள்ள, முகம் மூடுற ஹெல்மெற் வாங்கக் காசு அனுப்புங்கோ. ரெண்டு. நான் பின்னுக்கு இருந்து இறங்குறதாய் இல்லை.