மொழி முடிந்த பின்தான் தொழிலா?

கனடாவின் கியூபெக் மாநிலத்துக்குப் புதிதாகக் குடிபெயர்வோருக்குத் தவறாமல் வழங்கப்படும் அறிவுரை ஒன்று உண்டு. "முதலில் பிரெஞ்சைப் படித்து முடியுங்கள், தொழிலைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்" என்பதே அது. அதிகாரிகள் மட்டுமன்றி, மொன்றியலில் நெடுங்காலமாக வாழும் நம்மவர்களும் இதை வேதவாக்காக ஓதுகின்றனர். ஏனைய தொழில்கள் எப்படியோ, அம்புலன்ஸ் வண்டியில் சென்று உயிர்காக்கும் பராமெடிக் தொழிலைப் பொறுத்தவரை இவ்வறிவுரை முற்றிலும் பிழையானது.

பிரெஞ்சு வேண்டாம் என்பதல்ல என் வாதம். எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது, என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்ற கேள்விகளில்தான் பராமெடிக்கின் பணி ஆரம்பிக்கிறது. தலையில் அடிபட்டவரின் நினைவுநிலையை மதிப்பிட 1974 இல் உருவாக்கப்பட்ட கிளாஸ்கோ அளவுகோலில், மொத்தம் 15 புள்ளிகளில் 5 புள்ளிகள் பேச்சுக்கு உரியவை. தெளிவான பதிலுக்கு 5, குழம்பிய பதிலுக்கு 4. நோயாளி குழம்பிப் பேசுகிறாரா, தமக்குத்தான் மொழி விளங்கவில்லையா என்று பிரித்தறிய முடியாதவர் அந்தப் புள்ளியை எவ்வாறு இடுவார்?

ஜோன் அபொட் கல்லூரியில் இப்பயிற்சி ஆங்கிலத்தில் உண்டே என்பர் சிலர். உண்மைதான். ஆனால் நள்ளிரவில் 911 ஐ அழைக்கும் மொன்றியல்வாசிகளில் பலர் தம் வேதனையைப் பிரெஞ்சிலேயே சொல்வர். நோயில் மனிதனுக்குத் தாய்மொழியே வாயில் வரும்.

கேள்வி, எந்தப் பிரெஞ்சு என்பதே. "மால் ஓ கேர்" என்று நோயாளி சொன்னால், சொல்லுக்குச் சொல் பொருள் கொள்பவர் இதயத்தில் வலி என்றே எண்ணுவார். அதன் பொருளோ குமட்டல். ஆப்பிள்களுக்குள் விழுந்தேன் என்று ஒருவர் சொன்னால் மயங்கி விழுந்தார் என்று கொள்ள வேண்டும். நெஞ்சுவலியை "வாய்வுக் குத்து" என்று தட்டிக்கழிக்கும் நம் ஊர் முதியவர்களை அறிந்தோருக்கு இதிலுள்ள ஆபத்து விளங்கும். சந்தையில் தக்காளி வாங்குவதையும் காலநிலையையும் பற்றி உரையாடப் பழக்கும் வகுப்பில் இம்மொழி கிடைக்காது. அது நோயாளியின் அருகில் கற்க வேண்டிய மொழி.

நடைமுறையோ நேரெதிரானது. பராமெடிக் கல்வி 3 வருடங்கள். பிரெஞ்சுவழி வகுப்பில் அமர்வதற்கே நல்ல பிரெஞ்சு வேண்டும். அதைக் கற்று முடித்த பின்னரே தொழிற்கல்வி என்றால், குடும்பம் தாங்கும் முப்பது வயதுக்காரர் என்ன செய்வார்? வீட்டு வாடகை காத்திருக்குமா? உணவகத்திலோ தொழிற்சாலையிலோ தற்காலிகமாகச் சேர்கிறார். அதுவே நிரந்தரமாகி விடுகிறது.

1977 இல் பிரெஞ்சு மொழிச் சாசனத்தை இயற்றிய கியூபெக், 2022 இல் 96 ஆம் சட்டமூலத்தால் அதனை மேலும் இறுக்கியது. சுகாதாரம், பொதுப் பாதுகாப்பு போன்ற விதிவிலக்குகள் தவிர, புதிதாக வந்தவருடன் அரசு ஆறு மாதங்களின் பின் பிரெஞ்சிலேயே தொடர்புகொள்ள வேண்டும் என்றது. மொழி கற்பிக்கவென 2023 ஜூனில் தனி அமைப்பும் தொடங்கியது. ஆனால் 2024 இலையுதிர் காலத்தில், நிதியில்லை என்று கூறிப் பல இடங்களில் அதே பிரெஞ்சு வகுப்புகள் மூடப்பட்டன. கட்டாயம் கற்க வேண்டும் என்பதும், கற்பிக்கும் கதவை அடைப்பதும் ஒரே அரசின் செயல்கள் என்றால் அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

1956 இன் தனிச் சிங்களச் சட்டத்தோடு இதனை ஒப்பிடுவோர் உளர். அது பொருந்தாது. அங்கே, தம் சொந்த மண்ணில் ஒரு மக்களின் மொழி ஒதுக்கப்பட்டது; இங்கே, ஆங்கிலக் கண்டத்தின் நடுவே ஒரு மக்கள் தம் மொழியைக் காக்க முனைகின்றனர். மொழிக்காக இத்தனை இழந்த நாம் அவ்வுணர்வைப் பழிக்கலாகாது. ஆயினும் மொழியைக் கேட்க உரிமையுள்ள அரசுக்கு அதனைக் கற்பிக்கும் கடமையும் உண்டு.

செய்ய வேண்டியது எளிது. பராமெடிக் ஆசிரியரும் பிரெஞ்சு ஆசிரியரும் ஒரே வகுப்பறையில் நிற்கட்டும். மாரடைப்பைப் படிக்கும் வாரத்தில் மாரடைப்பின் பிரெஞ்சையும் படிக்கட்டும். முதலாண்டிலிருந்தே மாணவர் அம்புலன்ஸில் உடன்சென்று கேட்டுப் பழகட்டும்.

"பிரெஞ்சு நமக்கெதற்கு, ரொறன்ரோவுக்குப் போய்விடு" என்று பிள்ளைகளைத் திருப்பிவிடும் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. பார்க் எக்ஸ்ரென்ஷனில் மூச்சுத் திணறும் தமிழ்த் தாய்க்கு, அவர் சொல்லும் "சத்தி"யும் "தலைச்சுத்தும்" விளங்கி, அதைப் பிரெஞ்சு வைத்தியரிடம் பிழையின்றி ஒப்புவிக்கும் ஒருவர் வேண்டும். அவர் வானத்திலிருந்து குதிக்கமாட்டார். உங்கள் பிள்ளைகளில் ஒருவராகத்தான் இருக்க முடியும்.