இஞ்சினை இறக்கணும்னு சொன்னா உடனே தலையாட்டாதீங்க

சாதாரண ஆயில் சர்வீஸுக்குத்தான் காரை விட்டிருப்பீங்க. மதியம் போன் வரும்: "சார், ஆயில்ல மெட்டல் துகள் வருது, இஞ்சினை இறக்கணும்ங்க." சம்பளத் தேதிக்கு இன்னும் 12 நாள் இருக்கும். கை நேரா பர்சனல் லோன் ஆப் பக்கம் போகும்.

கொஞ்சம் நில்லுங்க. தேய்மானம் எங்கிருந்து வந்ததுனு தெரியாம எஸ்டிமேட்டுக்கு ஓகே சொல்றது, என்னைப் பொறுத்தவரை, கடன் வாங்கிக் குப்பையில போடுறதுக்குச் சமம். ஏர் ஃபில்டர் சரியா உட்காராம மண்ணு உள்ள போயிருந்தா, புது ரிங்கும் அதே மண்ணைத்தான் தின்னும்.

முதல்ல பழைய ஆயில் ஃபில்டரை வெட்டிக் காட்டச் சொல்லுங்க. காந்தம் வெச்சுப் பாருங்க. டிரெயின் போல்ட்டுல மை மாதிரி லேசா சாம்பல் நிறப் பசை இருந்தா பெரும்பாலும் சகஜம்தான். கண்ணுக்குத் தெரியுற சில்லு, தகடுனா விஷயம் வேற. காந்தத்துல ஒட்டாததை அலட்சியம் பண்ணாதீங்க. பிஸ்டன் அலுமினியமும் பேரிங் செம்பும் ஒட்டாது.

அடுத்தது ஆயிலை லேபுக்கு அனுப்புறது. ரயில்வே டீசல் ஷெட்கள்ல இது பழைய வழக்கம். சிலிக்கான் அதிகம்னா பெரும்பாலும் தூசி, செம்பும் ஈயமும் ஏறினா பேரிங், சோடியமோ பொட்டாசியமோ வந்தா கூலன்ட் கசிவானு பார்க்கணும். கம்ப்ரஷன் டெஸ்ட்டும் கேளுங்க. குறைவா காட்டுற சிலிண்டர்ல கொஞ்சம் ஆயில் விட்டதும் அளவு ஏறினா, சந்தேகம் ரிங் மேல. ஏறலைனா வால்வு, ஹெட் கேஸ்கெட் பக்கம்.

ஓட்டுற விதத்தையும் மெக்கானிக்கிட்ட சொல்லுங்க. திம்பத்தோட 27 கொண்டை ஊசி வளைவை லோ கியர்ல வாரா வாரம் ஏறுற காரும், கோயமுத்தூர் ரோட்டுல சீரா ஓடுற காரும் மீட்டர்ல ஒரே கிலோமீட்டர் காட்டலாம். பட்ட பாடு வேற. சத்தி டவுனுக்குள்ளயே தினம் 2 கிலோமீட்டர் ஓட்டுறவங்க இன்னும் பாவம், ஆயில் சூடாகுறதுக்குள்ள வண்டியை நிறுத்திடுறாங்க.

இன்சூரன்ஸ் பார்த்துக்கும்னு நினைக்காதீங்க. தேய்மானமும் மெக்கானிக்கல் பழுதும் சாதாரண கார் பாலிசியில விலக்கு. இஞ்சின் புரொடெக்ட் ஆட்-ஆன் முக்கியமா தண்ணி புகுந்தது, அடிபட்டு ஆயில் கசிந்தது மாதிரி விஷயங்களுக்குத்தான். வாரண்டி பாக்கி இருந்தா சர்வீஸ் பில் எல்லாத்தையும் எடுத்துட்டு, எதையும் பிரிக்கிறதுக்கு முன்னாடியே கம்பெனிக்கு மெயில் போடுங்க.

ஆயில் பிரஷர் லைட் எரியுது, இல்ல உள்ள தட்டுற சத்தம் வருதுனா மட்டும் ஓட்டிட்டுப் போகாதீங்க, டோ பண்ணுங்க.