கார்டுக்கு முன்னால் எஸ்எம்பிஎஸ்

அலுவலகங்கள் கழித்துவிடும் கணினிகளில் டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020க்கு ஒரு தனி மவுசு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரியான சந்தைகளில் இந்த ரகப் பெட்டிகளைத் தேடித்தான் பலர் வருகிறார்கள். உள்ளே நான்காம் தலைமுறை கோர் ஐ5, அதிர்ஷ்டம் இருந்தால் ஐ7. எக்ஸெலும் யூடியூபும் திணறாமல் ஓடும். வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே பிள்ளைக்கு ஜிடிஏ 5 விளையாடும் ஆசை வந்துவிடும். ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டால் போதும் என்பான்.

கார்டு எத்தனை ஜிபி, என்ன விலை என்று எல்லாரும் விசாரிக்கிறார்கள். அதற்கு மின்சாரம் எங்கிருந்து வரும் என்று கேட்பவர்கள் குறைவு.

மதர்போர்டில் கார்டு செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட், தன் வழியாக அதிகபட்சம் 75 வாட் தரும். அதற்கு மேல் கேட்கும் கார்டுக்கு, கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியிலிருந்து தனி ஒயர் வேண்டும்: 6 பின் என்றால் இன்னொரு 75 வாட், 8 பின் என்றால் 150. டவர் வடிவ 9020இல் இருப்பது 290 வாட் எஸ்எம்பிஎஸ். கார்டுக்கான அந்தத் தனி ஒயர் அதில் கிடையாது. ஐ5-4590 ப்ராசஸருக்கு 84 வாட், கார்டுக்கு 75, டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்தாலும் 200ஐத் தாண்டாது. ஆகவே ஜிடிஎக்ஸ் 1650 போல 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டு என்றால் பெட்டியில் வேறெதையும் தொட வேண்டியதில்லை. ஆனால் 1650 என்ற பெயரிலேயே 6 பின் கேட்கும் மாடல்களும் விற்கின்றன. கார்டின் விளிம்பைப் பார்த்து வாங்க வேண்டும். ஒல்லிப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு உயரம் குறைந்த லோ புரொஃபைல் கார்டுதான் கதி.

அதைவிடப் பெரிய கார்டுதான் வேண்டுமென்றால் சிக்கல் ஆரம்பம். 2003 முதல் சாதாரண மதர்போர்டுகளுக்கு 24 பின் இணைப்பு என்பது வழக்கம். 9020இல் டெல் வைத்திருப்பது தன் சொந்த 8 பின். கடையில் வாங்கிய நல்ல எஸ்எம்பிஎஸ் அதில் நேராகப் பொருந்தாது. 24ஐ 8 ஆக்கும் அடாப்டர் ஒயர் தேவை. பொருந்தாமல் போவதுகூட ஒரு வகையில் நல்லது. 1990களின் பிற்பகுதியில் டெல் செய்தது இதைவிடக் கொடுமை: இணைப்பு பார்வைக்கு வழக்கமானது, உள்ளே ஒயர்களின் வரிசை மட்டும் வேறு. வெளி எஸ்எம்பிஎஸ்ஸை நம்பிச் செருகினால் போர்டே போய்விடும்.

உள்ளூரில் அசெம்பிள் செய்த பழைய கணினிக்கு இந்தத் தொல்லை இல்லை, வேறு தொல்லை உண்டு. கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸில் ‘450 வாட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதை நம்பாமல், ஸ்டிக்கரில் 12 வோல்ட் கட்டத்தைப் பார்க்க வேண்டும். ப்ராசஸரும் கார்டும் பெரும்பாலும் அந்த 12 வோல்ட்டில்தான் பிழைக்கின்றன. அங்கே 16 ஆம்பியர் என்றிருந்தால் 12×16, வெறும் 192 வாட். மிச்சமெல்லாம் ஸ்டிக்கரின் பெருமை. அப்படிப்பட்ட எஸ்எம்பிஎஸ்ஸின் ஒயரில் மோலக்ஸ்-6 பின் மாற்றியை மாட்டி கார்டை ஓட்டுவது கல்யாண மண்டபத்து மின்சுமையை ஒற்றை வீட்டு மீட்டரில் கொடுப்பதற்குச் சமம்.

அதனால் பணம் குறைவாக இருந்தால் முதலில் எஸ்எம்பிஎஸ், பிறகு கார்டு என்பதே சரியான வரிசை. தரமான 550 வாட் எஸ்எம்பிஎஸ் இந்தப் பெட்டியோடு முடிந்துவிடாது. அடுத்த கணினிக்கும் அதையே கழற்றி மாட்டலாம். ஒயர்களைத் தனியே கழற்றி மாட்டும் மாடுலர் ரகம் வாங்கினால், பழையதன் ஒயர்களை மட்டும் புதியதில் செருகக் கூடாது. எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசைக்குப் பொது விதி இல்லை; ஒயர் மாறினால் ஹார்டு டிஸ்க் கருகும்.

பழைய கார்டு வாங்குவோருக்கு இரண்டு விஷயங்கள். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்ற பெயரில் அரதப் பழசான சிப்களை பயோஸ் மாற்றி விற்றிருக்கிறார்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் பல போலிகளைக் காட்டிக்கொடுக்கும். அடுத்தது மானிட்டர். ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்தே என்விடியா விஜிஏ சிக்னலைக் கைவிட்டுவிட்டது. வீட்டிலிருப்பது விஜிஏ மட்டும் உள்ள பழைய மானிட்டர் என்றால், எச்டிஎம்ஐ-விஜிஏ கன்வர்ட்டருக்கும் சேர்த்தே பட்ஜெட் போட வேண்டும்.